சனிக்கிழமை வெந்நீர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரியலூர்ப் பக்கம் கல்யாணச் சமையல் என்றால் பஞ்சநாதனைக் கூப்பிடுங்கள் என்பார்கள். அதே மூச்சில், "அந்த ஆளு வாயி பொல்லாதது, பாத்து நடந்துக்குங்க" என்றும் சொல்லிவைப்பார்கள். அடுப்புக்கு முன்னால் ஆயுசைக் கழித்தவன் வேறு எப்படி இருப்பான்? சாம்பார் கொதிக்கிற நேரம் பார்த்து ஒருத்தர் வந்து, "மாப்பிள்ளையோட மாமாவுக்குக் குளிக்கக் கொஞ்சம் வெந்நீர்" என்று நிற்பார். கரண்டியை ஓங்கியிருக்கிறேன், பொய் சொல்லவில்லை. என்னிடம் பாத்திரம் தேய்க்க வருகிறவர்கள் ஒரு கல்யாணத்தோடு பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். ஓடாமல் நின்றவள் ஆண்டாயி ஒருத்திதான். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

வாலிகண்டபுரத்துக்குக் கிழக்கே, வயலைத் தாண்டி ஒரு காலனி. அங்கே அவள் வீடு. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். ஒரே மகன், பழனிவேல். களை எடுப்பாள், கடலை பிடுங்குவாள், முகூர்த்த மாதங்களில் என்னோடு பாத்திரத்துக்கு வருவாள். நான் எவ்வளவு கத்தினாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். கத்தி முடித்த பிறகு, "தொண்டக்கித் தண்ணி குடிங்க மாஸ்டரு" என்பாள். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். சனிக்கிழமை காலையிலேயே கோட்டை அடுப்பு மூட்டியாக வேண்டும். ஆண்டாயியைக் காணோம். சைக்கிளை மிதித்துக்கொண்டு அவள் ஊருக்கே போய்விட்டேன். வயல் நடுவில் ஒரு வேப்பமரம், அதன் கீழே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, பானையில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கருங்கல்லில் ஒரு சாமி. கால் இரண்டையும் மடித்துப் போட்டு, மடியில் கை வைத்துக் குந்தியிருக்கிற சாமி. மூக்கு உடைந்திருந்தது.

"ஏ ஆண்டாயி! அங்க கல்யாணக்காரன் என் கழுத்துல துண்டப் போட்டு இழுக்குறான், நீ இங்க கல்லுக்கு வெந்நீர் போட்டுக்கிட்டு இருக்கியா?"

"இந்தா ஆச்சுங்க. கை பொறுக்குற சூடு வந்ததும் ஊத்திட்டு வந்துர்றேன்."

கேட்டபோது சொன்னாள். அந்தச் சாமிக்குப் பெயர் கிடையாது. குந்துசாமி என்பார்கள், அவ்வளவுதான். பெரிய ஊர்க்காரர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. காலனி ஜனத்துக்கு மட்டும்தான் அது சாமி. எந்தக் காலத்திலிருந்தோ படுக்காமல், எழுந்திருக்காமல், மழையிலும் பனியிலும் ஒரே இருப்பாக இருக்கிறாரே, கால் கடுக்காதா? அதனால் வெந்நீர் ஊற்றுவார்கள். யாருக்கு வெளியூரில் பிழைக்கப் போன பிள்ளையோ புருஷனோ இருக்கிறானோ அவர்கள் ஊற்ற வேண்டும். ஆம்பிளை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற சனிக்கிழமையில் ஊற்ற வேண்டும். சாமிக்குக் கால்வலி தீர்ந்தால், எங்கேயோ மூட்டை தூக்குகிறவனுக்கும் உடம்புவலி தீரும் என்று நம்பிக்கை. திரும்பி வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்.

"வராமயே போயிட்டா?" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"செத்துப் போன சேதி வந்தா ஒரே ஒரு தடவ பச்சத்தண்ணி ஊத்துவோம். அதோட அந்தப் பேருக்கு முடிஞ்சுது. பொறவு தாலியக் கழட்டலாம், பொண்டாட்டிக்காரிய வேற எடத்துல கட்டிக் குடுக்கலாம். அது வரைக்கும் அவன் இருக்குறான்னு அர்த்தம்."

பழனிவேல் அப்போது போர்வெல் லாரியோடு போயிருந்தான். திருச்செங்கோட்டுப் பக்கத்து முதலாளி ஒருவரின் லாரி. வடநாடு முழுக்கச் சுற்றிக் கிணறு போடும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெண்டாட்டி பச்சையம்மாளை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். எனக்கும் அவனைத் தெரியும். கல்யாண வீடுகளில் அம்மா தேய்த்த அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்கிக் கவிழ்ப்பான். சிரித்த முகம். என்னைப் பார்த்து, "மாஸ்டர் இன்னும் கோவிக்கலியே, மணி ஆயிடுச்சே" என்று கேலி பண்ணுவான். அவன்மேல் மட்டும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

லாரி திரும்பி வந்தது. அவன் வரவில்லை.

கூட வேலைக்குப் போன சாமிக்கண்ணு வந்து சொன்னான். வடக்கே மலைகளுக்கு நடுவில் ஓர் ஊர். மலையிலிருந்து தானாக வெந்நீர் ஊற்று கொட்டுமாம். அங்கே மாதக்கணக்கில் முகாம் போட்டுச் சுற்றுப்பட்டில் கிணறு போட்டார்களாம். பழனிவேலுக்குக் காய்ச்சல் கண்டது. லாரி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். காலை மடித்துக் குந்திய சாமி இருந்த ஒரு கோயிலில் அவனைப் படுக்க வைத்து, அங்கே இருந்த ஒரு சாமியாரிடம் சைகையால் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பும் வழியில் போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. சாமியார் என்னவோ இந்தியில் சொன்னார். இவர்களில் யாருக்கும் புரியவில்லை. வேறு லாரியில் ஏறியிருப்பான் என்று வந்துவிட்டார்கள்.

"ஊரு பேரு என்னடா?"

"வாயில நொழையலீங்க" என்றான் சாமிக்கண்ணு. அவனைத் திட்டி என்ன செய்வது? அவன் முகமே செத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு வருஷம் மேல் வருஷம் ஓடியது. ஆண்டாயி ஒரு சனிக்கிழமையைக்கூட விடவில்லை. பச்சையம்மாள் சுள்ளி பொறுக்கிக் கொடுப்பாள், இவள் காய்ச்சி ஊற்றுவாள். பெண்ணுக்கு வயது இருபத்திரண்டோ மூன்றோ. அவளைப் பெற்றவர்கள் வந்து வந்து கேட்டார்கள். எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிற ஒரு நல்ல பையன், பெண்டாட்டியை இழந்தவன், இவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தான். "ஒரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்தி விட்டுரு தாயி. எம் பொண்ணு வாழணும்" என்று சம்பந்தியம்மாள் காலில் விழாத குறை. ஆண்டாயி அசையவில்லை. "இருக்குற புள்ளைக்கு நான் எப்படிப் பச்சத்தண்ணி ஊத்துவேன்?" என்று ஒரே பேச்சு. பச்சையம்மாள் வாயே திறக்க மாட்டாள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும். கிழவி பிடிவாதத்தில் ஒரு சின்னப் பெண் காய்ந்துபோகிறாளே என்று நேராகவே கேட்டிருக்கிறேன். ஆண்டாயி அண்டாவைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், பெரம்பலூரிலிருந்து காசி யாத்திரை பஸ் ஒன்று கிளம்பியது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த இராமலிங்கம் அதை நடத்தினார். இந்தி தெரிந்த மனுஷர். அரிசி, பருப்பு, பாத்திரம், ஸ்டவ் எல்லாம் பஸ்ஸிலேயே வரும்; சமையலுக்கு நான். எங்கெங்கே போகிறோம் என்று அவர் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார். காசி, கயா, அப்புறம் ராஜகிரி, வெந்நீர் ஊற்றில் குளியல் என்றார். பக்கத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஆண்டாயி கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அந்த ஊர்ல குந்துன சாமி கோயில் இருக்குதுங்களா?"

"புத்தர் கோயில் இருக்கு. குந்திக்கிட்டுதான் இருப்பாரு. ஏன் கேக்குற?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நானும் வரேன் மாஸ்டரு. பாத்திரம் பூரா நானே பாத்துக்குறேன். வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க." அவள் என்னிடம் கெஞ்சியது அது ஒரு தடவைதான்.

பஸ்ஸில் கடைசி சீட்டில், பாத்திர மூட்டைகளுக்கு நடுவில் அவளுக்கு இடம். முன்னால் வசதியான ஜனம். உடையார்பாளையத்திலிருந்து கிருஷ்ணம்மாள் என்று ஓர் அம்மாள் வந்திருந்தார். நிலபுலன் உள்ள குடும்பம், தம்பி வீட்டில் இருப்பவர். என்னைப் பாடாய்ப் படுத்தினார். ரசத்தில் புளி தூக்கல், சோறு விறைப்பு. பொழுது விடிந்தால், "ஏய்யா பஞ்சநாதா, வெந்நீர் ஆச்சா? இந்தக் குளிர்ல என்னைக் கொல்லப் பாக்குறியா?" ஆண்டாயி குடம் குடமாகக் காய்ச்சி ஊற்றுவாள். அந்த அம்மாள் அவள் கையிலிருந்து வாங்க மாட்டார், கீழே வைத்த பிறகுதான் எடுத்துக்கொள்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

காசியில் எல்லோரும் கங்கைத் தண்ணீரைச் சொம்பில் பிடித்து மூடி ஈயம் வைத்து அடைத்துக்கொண்டார்கள். ஆண்டாயி ஒரு பித்தளைச் சொம்பு கொண்டுவந்திருந்தாள், ஆனால் பிடிக்கவில்லை. கயாவில் ஜனம் செத்தவர்களுக்குப் பிண்டம் போட்டது. அவள் படித்துறைப் பக்கமே வரவில்லை. "எனக்கு அங்க வேல இல்லீங்க" என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ராஜகிரியில் இறங்கியதும் நம் ஜனத்துக்குத் தலைகால் புரியவில்லை. மலையடிவாரத்தில் கல்லில் செதுக்கிய வாய்களிலிருந்து வெந்நீர் கொட்டுகிறது, ஆவி பறக்கிறது. யாத்திரை தொடங்கியதிலிருந்து ஒருத்தரும் என்னிடம் வெந்நீர் கேட்காத நாள் அது ஒன்றுதான். கிருஷ்ணம்மாள் புடவையோடு அதன் அடியில் நின்றுகொண்டு, "உலை வக்காமயே இம்மாம் வெந்நீரா, அடி ஆத்தே!" என்று கூவினார். ஆண்டாயி குளிக்கவில்லை. இராமலிங்கத்தின் பின்னாலேயே நின்றாள். "அந்தக் கோயிலக் காட்டுங்க சார்."

தனியாக விட்டால் எங்காவது தொலைந்து போவாள், அப்புறம் பாத்திரத்தை யார் தேய்ப்பது என்று சொல்லிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

ராஜாக்கள் காலத்துச் செங்கல் கோயில். படியெல்லாம் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. முற்றத்தில் ஒரு அடிபம்பு. உள்ளே இருட்டில் கறுப்புக் கல்லில் புத்தர், காலை மடித்து, மடியில் கை வைத்து. ஆண்டாயி வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"மாஸ்டரு! நம்ம சாமி! மூக்கு முழுசா இருக்குது பாருங்க!"

"அது புத்தரும்மா" என்றார் இராமலிங்கம்.

"இருக்கட்டுங்க. எங்கூர்ல பேரு வக்கல, இங்க வச்சிருக்காங்க."

மொட்டைத் தலையும் மஞ்சள் ஆடையுமாக ஒரு வயதான பிக்கு வந்தார். அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். ஆண்டாயி சொம்பை நீட்டிக் காட்டி, சாமி முழங்காலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றலாமா என்று கேட்கச் சொன்னாள். இராமலிங்கத்துக்குக் கூச்சம். "கும்புட்டுட்டு வருவியா, வெந்நீர் அது இதுன்னுக்கிட்டு" என்று முனகினார். ஆனால் கேட்டார்.

கேட்டதும் பிக்கு ஆண்டாயியையே பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். இராமலிங்கம் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"என்னவாம் சார்?" என்றேன்.

"ஒங்க ஊர்லேருந்து ஒரு பையன் வந்திருந்தானே, நீங்க அவனுக்கு என்ன வேணும்னு கேக்குறாரு."

பிக்கு சொல்லச் சொல்ல இராமலிங்கம் தமிழில் சொன்னார். கிணறு போடும் லாரியில் வந்த கறுத்த பையன். சனிக்கிழமைதோறும் ஊற்றிலிருந்து ஒரு பானை வெந்நீர் தூக்கிக்கொண்டு வந்து, கேட்காமல் கொள்ளாமல் சிலைமேல் ஊற்றிவிட்டானாம். முதல் தடவை பிக்கு கம்பை எடுத்துக்கொண்டு அடிக்க ஓடினாராம். பையன் சிரித்தானாம். தன் முழங்காலைத் தடவிக் காட்டி, சிலையின் முழங்காலைக் காட்டி, வலிக்கும் வலிக்கும் என்று முகத்தைச் சுளித்துக் காட்டினானாம். அடுத்த சனிக்கிழமையும் வந்தான். பிறகு அவரே கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாராம்.

அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? இந்த உலகத்தில் குந்தியிருக்கிற சாமிக்குச் சனிக்கிழமை வெந்நீர் ஊற்றுகிறவன் வேறு எவன் இருக்கிறான்?

"வெளியூர்ல இருக்குறவங்களுக்குத்தானே ஊத்துறது" என்றாள் ஆண்டாயி மெதுவாக. "அவனுக்கு நாங்கதானே வெளியூரு. எனக்கும் அவளுக்கும் ஊத்தியிருக்கான்."

பிறகு கேட்டாள். "எங்க இருக்கான்னு கேளுங்க சார்."

இராமலிங்கம் கேட்கவே இல்லை. கேட்காமலே பிக்குவுக்குப் புரிந்துவிட்டது. மலைப் பக்கம் கையைக் காட்டித் தாழ்ந்த குரலில் பேசினார். காய்ச்சல் மஞ்சள் காமாலையாக முற்றிவிட்டதாம். வைத்தியம் பார்த்தார்களாம். கேட்கவில்லை. கடைசி நாட்களில் அவன் என்னவோ பேசிக்கொண்டே இருந்தானாம். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லையாம். மலையடியில் தகனம் செய்து, சாம்பலை ஊற்று ஓடுகிற ஓடையில் கரைத்தார்களாம். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆண்டாயி அழவில்லை. "பச்சத்தண்ணி எங்க இருக்கு?" என்றாள்.

இராமலிங்கம் வெறுமனே தண்ணீர் என்று கேட்க, பிக்கு முற்றத்துப் பம்பைக் காட்டினார். அதுவே பழனிவேல் வந்த லாரிக்காரர்கள் போட்ட போர்வெல்தானாம். குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும் என்று கோயிலில் போடச் சொன்னார்கள். ஆண்டாயி பம்பை அடித்தாள். தண்ணீர் வந்தது. கையை நீட்டியவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

வெந்நீர்.

அந்த ஊரில் பூமிக்கு அடியிலும் வெந்நீர்தான். அது புகைந்துகொண்டு மேலே வந்தபோது பையன் விழுந்து விழுந்து சிரித்தானாம். முதல் பானையைப் பிடித்து நேராகச் சாமிக்குத்தான் கொண்டுபோனானாம். பிக்கு அதைச் சொல்லும்போது அவருமே கொஞ்சம் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆண்டாயி சொம்பை நிரப்பி மூடினாள். முந்தானையால் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா மாஸ்டரு? இந்த ஊர்ல அவனுக்குப் பச்சத்தண்ணியே கெடையாது. இருக்குறான்னுதானே அர்த்தம்?"

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

திரும்பும் வழி முழுக்க அந்தச் சொம்பு அவள் மடியில் இருந்தது. சாலையோரம் எங்கே பஸ்ஸை நிறுத்திச் சமையல் போட்டாலும், சோறு வடித்த கையோடு வந்து நிற்பாள். "அடுப்பு அணைக்குறதுக்கு முன்னால இதக் கொஞ்சம் வச்சு எடுத்துக்குறேன். ஆறிடப் போவுது." வைப்பாள். கை பொறுக்குற சூடு வந்ததும் எடுத்துத் துணியில் சுற்றிக்கொள்வாள். ஓர் இடத்தில் எனக்குத் தாங்கவில்லை. பழைய கோபம் வந்துவிட்டது.

"எத்தன நாளைக்கிடி இப்படியே சூடு பண்ணிக்கிட்டு இருப்ப? அந்தச் சாமியார் பொய்யா சொன்னாரு? அங்க ஒருத்தி சுள்ளி பொறுக்கிக்கிட்டு ஒக்காந்திருக்காளே, அவளுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

"ஊர்ல போயி வெந்நீர் ஊத்துவேன்" என்றாள். "வேறென்ன சொல்றது?"

கிருஷ்ணம்மாள் அப்போதுதான் கை கழுவ வந்தார். நாங்கள் போட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டு என்ன விஷயம் என்றார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன்: வெந்நீர், பச்சைத்தண்ணீர், பச்சையம்மாள், எறையூர்ப் பையன். கேட்டுவிட்டு ஏதாவது குத்தலாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த அம்மாள் புடவை மண்ணில் புரள, ஆண்டாயிக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஒம் மருமவளுக்கு என்ன வயசு?"

சொன்னாள்.

"எனக்கு அப்ப அவளவிடச் சின்ன வயசு. மஞ்சக் கயிறு அழுக்குகூட ஆவல. அவரு போயிட்டாரு. அன்னிக்கு உள்ளறையில ஒக்கார வச்சாங்க. இன்னும் ஒக்காந்துதான் இருக்கேன். தம்பி பெண்டாட்டி போடுற சோத்துல குத்தம் சொல்ல முடியாது, அதான் ஊரான் சோத்துல குத்தம் சொல்லிக்கிட்டுத் திரியுறேன்." என்னைப் பார்க்காமலேதான் அதைச் சொன்னார். "எங்க சாதியில அந்தப் பச்சத்தண்ணி கெடையாதுடி ஆண்டாயி. ஒரு சொம்பு ஊத்தி, போடி, போயி வாழுன்னு சொல்ல எனக்கு ஒருத்தரும் இல்ல. ஒங்கிட்ட இருக்கு. கையில வச்சுக்கிட்டு சூடு பண்ணிக்கிட்டு இருக்கியே, பாவி."

ஆண்டாயி தலையைக் குனிந்துகொண்டாள். கிருஷ்ணம்மாள் எழுந்திருக்க முடியாமல் தடுமாறினார். ஆண்டாயி கையை நீட்டினாள். அந்த அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த நாள் காலை இட்லி வேகும் நேரத்தில் ஆண்டாயி சொம்போடு வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. நானே அடுப்பை அணைக்காமல் காத்திருந்து பார்த்துவிட்டு, "ஆண்டாயி, சொம்பக் கொண்டா, நான் வச்சுத் தரேன்" என்றேன். ஆமாம், நான்தான் கேட்டேன். எனக்கே மனசு கேட்கவில்லை.

"வேணாம் மாஸ்டரு" என்றாள். "ஆறட்டும்."

அப்போதுதான் அழுதாள். கடைசி சீட்டில் பாத்திர மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, சொம்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அன்றைக்குப் பகல் முழுக்க அழுதுகொண்டே வந்தாள். கிருஷ்ணம்மாள் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பஸ் வாலிகண்டபுரம் ரோட்டில் நின்றபோது நானும் அவளோடு இறங்கினேன். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. வயல் வழியாக நடந்தோம். எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பச்சையம்மாள் ஓடி வந்தாள். மாமியார் முகத்தைப் பார்த்தாள். பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"வாம்மா. சாமிக்குத் தண்ணி ஊத்தணும்" என்றாள் ஆண்டாயி.

பச்சையம்மாள் வழக்கம்போல வேப்பமரத்தடிக்குப் போய், அடுப்புக் கல்லைச் சரிசெய்து, சுள்ளியை ஒடித்து வைத்தாள். தீப்பெட்டியை எடுத்தாள்.

"அடுப்ப மூட்டாத கண்ணு" என்றாள் ஆண்டாயி. "கொண்டாந்திருக்கேன்."

பச்சையம்மாள் கையில் குச்சியோடு அப்படியே இருந்தாள். ஆண்டாயி சொம்பை அவிழ்த்து அவள் கையில் வைத்தாள். அது சில்லென்று இருந்திருக்கும். அந்தப் பெண் போட்ட அலறலில் காலனியே திரண்டு வந்துவிட்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து பிடித்து ஊற்றினார்கள். தண்ணீர் குந்துசாமியின் உடைந்த மூக்கில் வழிந்து, மடியில் தேங்கி, முழங்கால் வழியாக மண்ணில் இறங்கியது. பழனிவேல் தோண்டிய தண்ணீர். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆண்டாயி சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பச்சையம்மாளுக்கும் எறையூர்ப் பையனுக்கும் அடுத்த ஆவணியில் சிறுவாச்சூர்க் காளியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். கோயில் நடை திறக்கிற திங்கட்கிழமை. சமையல் நான்தான். பாத்திரம் தேய்க்க வேறு ஆள் கொண்டுவந்திருந்தேன். ஆண்டாயி அவளைக் கிட்டே விடவில்லை. "எம் பொண்ணு கல்யாணத்துக்கு வேற எவளோ தேய்ப்பாளா?" என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை வாலிகண்டபுரம் வழியாக ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வயல் நடுவில் வேப்பமரத்தடியில் புகை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு இந்தக் கிழவி மறுபடியும் ஆரம்பித்துவிட்டாளா? சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டுப் போனேன். பானையில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. அவளேதான் சுள்ளி ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்குடி இது? அதான் ஊத்தி முடிச்சாச்சே!"

"கத்தாதீங்க மாஸ்டரு. பச்சையம்மா எறையூர்லதானே இருக்கா" என்றாள். "கரும்பு வெட்டு நேரம். உடம்பு வலிக்கும்ல."

பானைக்குள் விரலை விட்டுச் சூடு பார்த்தாள். இன்னும் கொஞ்சம் காய வேண்டும் என்றாள். நானும் பக்கத்தில் குந்திக்கொண்டு இரண்டு சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தேன்.